ஆறு விரல் நீளம்

இடுப்புக்கு மேலே, முதுகெலும்புக்கு இடப்பக்கம், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வலி. காலையில் இருக்காது. பதினோரு மணி டீக்கு எழுந்திருக்கும்போது தொடங்கும். மூன்று மணிக்கு மேல் முதுகை விட்டுத் தொடைக்கு இறங்கும். நாலே முக்காலுக்கு யூனிட்டில் மணி அடித்து ருக்ஸானா மெஷினை விட்டு எழும்போது இடது கால் ஒரு நிமிஷம் அவளுடையதாக இருக்காது. மரத்த காலைத் தரையில் தட்டித் தட்டி உயிர் வரவழைத்துக்கொண்டுதான் நடப்பாள். ஷூவின் மேல்தோல் தைக்கிற வேலை. குனியாமல் தைக்க முடியாது. பதினோரு வருஷமாகக் குனிந்திருக்கிறாள்.

குரோம்பேட்டையில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து, கேம்ப் ரோடு பஸ்ஸில் நின்றபடி சேலையூர். வீட்டுக்குள் நுழையும்போது ஐந்தே முக்கால் ஆகிவிடும். முகம் கைகால் கழுவி, ஓதுவதற்கான ஒளு செய்து, தலையை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போடுவாள். இங்கே ஆறு மணி என்றால் சிங்கப்பூரில் எட்டரை. ஹெட்போனில் ஒரு சின்னக் குரல் ஸலாம் சொல்லும். மெஹ்ரீன், ஒன்பது வயது. அவளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிற உஸ்தாபி ருக்ஸானா.

ருக்ஸானா வேலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் மதரஸாவில் ஐந்து வருஷம் தங்கிப் படித்தவள். படித்ததற்கு இந்த ஊரில் வேலை இல்லை. தைத்தால் வேலை இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தி சொல்லி இந்தப் பிள்ளை கிடைத்தது. மெஹ்ரீனின் அம்மா மெஹர் பானு இருக்கிற கட்டடத்தில் மேல் மாடியில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். நாலு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தால் யூனிட் சம்பளம் வந்துவிடும். யூனிட்டை விட்டு நின்றுவிடலாம். அதற்காகத்தான் இவ்வளவும்.

அது 2007 ஆகஸ்ட். அந்தத் திங்கட்கிழமை முதல் ஐந்து நிமிஷம் பிள்ளையின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. பிறகு தெருவில் பையன்கள் டியூஷன் முடிந்து சைக்கிளில் திரும்பினார்கள். குரல் நின்றது. மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் விட்டதையெல்லாம் சேர்த்துக் கொட்டுவதுபோல் படபடவென்று வந்தது. பிறகு மறுபடி ஓரளவு ஒழுங்காக ஓடியது. ருக்ஸானா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

ஓதுவதில் நீட்டல் உண்டு. அதற்கு மத்து என்று பெயர். சில எழுத்தை இரண்டு எண்ணும் நேரம் நீட்ட வேண்டும், சிலதை நாலு, சிலதை ஆறு. கூட்டினாலும் பிழை, குறைத்தாலும் பிழை. மதரஸாவில் விரலை மடக்கி எண்ணப் பழக்கினார்கள். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு விரல். ஆறு என்றால் வலது கை ஐந்து விரலும் இடது கைக் கட்டைவிரலும்.

மெஹ்ரீன் நீட்டினாள். ருக்ஸானாவின் மோதிர விரல் மடங்கியது. சுண்டு விரல் மடங்குவதற்குள் பிள்ளை அடுத்த எழுத்துக்குப் போய்விட்டது.

"மத்து குறையுது மெஹ்ரீன்."

"நீட்டினேன் உஸ்தாபி."

"நாலுதான் வந்துச்சு. திரும்ப ஓது."

மறுபடி நாலு. அதற்கு அடுத்தது நாலரை.

"நான் ஆறு எண்ணினேன் உஸ்தாபி. விரல் மடக்கித்தான் எண்ணினேன்."

"எண்ணினா ஏன் வரல? ஏழு வாரமா இதையே சொல்லிட்டு இருக்கேன். எதிர்த்துப் பேசாத. இருபது தடவை ஓது."

பிள்ளை ஓதியது. பத்தாவது தடவைக்கு மேல் குரலில் அழுகை கலந்தது. இருபதிலும் இடது கட்டைவிரல் ஒரு தடவைகூட மடங்கவில்லை. பிடிவாதக்காரி என்று ருக்ஸானா நினைத்தாள். போன வாரம் மெஹர் பானுவுக்கு அனுப்பிய மெயிலிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள்: குரல் நல்ல குரல், மத்தில் கவனம் இல்லை, பிடிவாதம் இருக்கிறது.

மெஹர் பானு ஹெட்போனை வாங்கிக்கொண்டாள்.

"உஸ்தாபி, எனக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இவ சோம்பேறி, விடாதீங்க. நாளைலேர்ந்து நின்னுகிட்டே ஓதட்டும். ஒரு மாசம் டிவியும் கிடையாதுன்னு சொல்லிட்டேன். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நாலு நொடி எதுவும் வரவில்லை.

"...கேக்குதா? இதத்தான் சொல்றேன். எங்க பக்கம் லைன் கிளியர். உங்க குரல்தான் அறுந்து அறுந்து வருது. மேல் மாடிக்காரங்க நேத்து பக்கத்துல உக்காந்து கேட்டாங்க. இதுல என்ன படிக்க முடியும்னு சிரிக்கறாங்க. நோன்பு வர இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள சரியாச்சுன்னா அந்த மூணு பிள்ளைங்களையும் நான் சேத்து விடறேன். இல்லன்னா இங்க பக்கத்துல ஜொகூர்ல ஒரு உஸ்தாபிய கேட்டு வச்சிருக்கேன். தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல. சரி பண்ணிடறேன்" என்றாள் ருக்ஸானா.

மறுநாள் சாயங்காலம் காஜாவின் கன்ட்ரோல் ரூமுக்குப் போனாள். காஜா அந்த ஏரியாவின் கேபிள் டிவிக்காரன். ஒரு வருஷமாக அதோடு நெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தான். மொட்டைமாடி மொட்டைமாடியாக நீல ஒயர் இழுத்து, நாலு வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"இன்னாக்கா, மறுபடியும் கம்ப்ளெயின்ட்டா? வா, நீயே வந்து பாரு." மானிட்டரை அவள் பக்கம் திருப்பினான். "எம்மாம் ஸ்பீடு கீது பாரு. இதுக்கு மேல வோணும்னா நீ ராக்கெட்லதான் போவணும்."

"எனக்கு ஸ்பீடு வேணாம் காஜா. சத்தம் விட்டு விட்டு வராம இருந்தா போதும்."

"ஸ்பீடு இருந்தா அதுவும் தன்னால வரும்."

"வரலையே."

காஜா தலையைச் சொறிந்தான். பொய் சொல்ல வேண்டுமானால் சொல்லக்கூடியவன்தான். ஆனால் ஓதிக் கொடுக்கிற பெண்ணிடம் கொஞ்சம் யோசித்தான்.

"அறுபத்தி மூணு வூடுக்கா. அத்தினி பேருக்கும் உள்ள வர்றது ஒரே லைனு. அஞ்சு மணி வரிக்கும் தூங்கிகினு கெடக்கும். ஆறு மணிக்கு எல்லாப் பசங்களும் வந்து குந்திகினு படம் எறக்க ஆரம்பிச்சுடறானுங்க. படம் லேட்டா வந்தா இன்னா? ராவெல்லாம் எறங்கட்டும், காலைல பாத்துக்குவான். உன்து பேச்சு. அந்த நேரத்துல வர்லன்னா அப்பால வந்து இன்னா பிரயோஜனம்?"

"அப்போ ஆறுலேர்ந்து ஆறரை வரைக்கும் மத்தவங்களை நிறுத்து."

"நல்லா சொன்ன போ. அவனுங்க என்னை நிறுத்திடுவானுங்க."

"இது தெரிஞ்சும் எனக்கு எதுக்கு ஒயர் இழுத்த?"

"மெயில் பாக்கறதுக்குன்னு நெனச்சேன். நீ இதுல பொழப்பு நடத்தப் போறேன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "போன் லைன்ல நெட் குடுக்கறாங்கக்கா. ஸ்பீடு என்துல பாதிதான். ஆனா உன் வூட்டுக்கு வர்ற ஒயர்ல நீ மட்டும்தான். எவனும் நடுவுல பூர மாட்டான். என் வாயாலயே சொல்றேன் பாரு, நான் எங்க உருப்படப் போறேன்."

அவள் அன்றே போன் லைனில் நெட் கேட்டு எழுதிக் கொடுத்தாள். வீட்டில் போன் ஏற்கனவே இருந்தது. மோடம் வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

இடையில் அவள் கணவன் அக்தர் செல்போன் சிக்னலில் நெட் தருகிற ஒரு டேட்டா கார்டு கொண்டுவந்தான். அவனுக்குக் கம்பி கட்டுகிற வேலை. சைட் இன்ஜினியரிடம் ஒரு நாளைக்குக் கெஞ்சி வாங்கியிருந்தான். "ஒயரே கெடயாது பாரு" என்று சந்தோஷமாகச் சொருகினான். சத்தம் அறுபடவில்லைதான். ஆனால் ஸலாம் சொன்னால் பதில் வருவதற்குள் ஒரு தடவை இருமி முடிக்கலாம். ஓதிக் கொடுக்கிறவள் பிழை நடந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இவள் 'நிறுத்து' என்று சொன்னது சிங்கப்பூர் போய்ச் சேரும்போது பிள்ளை அடுத்த வரியில் இருந்தது. எந்த எழுத்துக்கு நிறுத்தச் சொன்னாள் என்று பிள்ளை கேட்டு, இவள் பதில் சொல்லி, அதற்குள் பிள்ளை வேறொன்றைத் திருத்தி, அரை மணியில் இரண்டு வரிகூட முடியவில்லை. கடைசியில் தூறல் விழுந்தது, அதுவும் போனது.

அக்தர் கார்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். "இது இன்ஜினியருக்குத்தான் லாயக்கு. அவர் சொல்றதும் எங்களுக்கு மறுநாள்தான் வந்து சேரும்."

மோடம் வந்தது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. ஒரு வகுப்பில் ஒன்பது தடவை லைன் போனது. ருக்ஸானா யூனிட்டுக்கு அரை நாள் லீவு போட்டு லைன்மேன் தயாளனைக் கையோடு அழைத்துவந்தாள். தயாளன் தெரு முனைப் போஸ்ட்டில் ஏறித் தன் போனைக் கொக்கி போட்டுக் கேட்டார். இறங்கி வந்து, வீட்டுக்குள் வந்து சேரும் இடத்திலும் கேட்டார்.

"போஸ்ட்ல கண்ணாடி மாதிரி கீதும்மா. இங்க வேர்க்கடல வறுக்கற சத்தம் கேக்குது. நடுவுல இருக்கறது எங்க ஒயரே இல்ல. யாரு போட்டது?"

வீட்டுக்காரர் கேசவன் போட்டது. அந்தத் தெருவே ஒரு காலத்தில் கேசவன் குடும்பத்து நெல் வயல். பாதியை விற்று, மீதியில் ஆறு போர்ஷன் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ருக்ஸானா வீடு கடைசி. போஸ்ட்டிலிருந்து அங்கே வர முப்பத்தெட்டு மீட்டர் சந்து. ஒயர் அந்தச் சந்தின் தரைக்குள் புதைந்திருந்தது.

"நல்ல ஒயர்தான். நானே கூட நின்னு போட்டேன்" என்றார் கேசவன்.

"அதான் கேக்கறப்பவே தெரியுதே" என்றார் தயாளன்.

"மேல இழுத்துக் கட்டிக்கறோம் சார்" என்றாள் ருக்ஸானா.

"மேல ஒயரு போனா நான் எப்படிம்மா மாடி எடுக்கறது? அதுக்குத்தானே கீழ புதைச்சேன்."

"அப்போ கீழயே புதுசா போட்டுக்கறோம். நாங்களே தோண்டறோம்."

"பாதி தூரம் சிமென்ட் போட்டிருக்கேன். உடைப்பியா?"

"உடைக்கறோம். நாங்களே பூசியும் குடுத்துடறோம்."

கேசவன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம ஒரு நாள். இருட்டறதுக்குள்ள சந்துல நடக்கற மாதிரி இருக்கணும். திங்கக்கெழம என் பொண்ணைப் பாக்க வராங்க. மாப்பிள்ள வூட்டுக்காரன் குழில வுழுந்தான்னா உன்னைத்தான் கேப்பேன்."

தயாளன் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். ஒரே நீளமாக வாங்கு. பைப்புக்குள் விட்டுப் புதை. நடுவில் ஒரு ஜாயின்ட்கூடக் கூடாது, ஜாயின்ட் இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் நுழையும்.

"ரெண்டு பக்கமும் நீங்கதான் வந்து கனெக்ஷன் கொடுக்கணும்ணா. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு."

"ஞாயித்துக்கெழம எனக்கு லீவும்மா."

"வீட்ல பிரியாணி."

"மட்டனா?"

"மட்டன்தான்."

"லீவு கேன்சல்."

வியாழக்கிழமை மெஹர் பானு மெயில் அனுப்பியிருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை வரை வகுப்பு வேண்டாம். நோன்புக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு இறங்கினார்கள். அக்தர் போஸ்ட் பக்கமிருந்து கடப்பாரையால் சிமென்ட்டை உடைத்தான். ருக்ஸானா வீட்டுப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்தாள். பழைய ஒயர் மேல் படாமல் அதன் ஓரமாகவே ஒரு அடி ஆழம். மேலே கொட்டி நிரப்பிய சரளை பெயர்ந்து வந்தது. முக்கால் அடிக்குக் கீழே பழைய வயலின் களிமண். மழைத் தண்ணீரில் ஊறி, வெட்டினால் மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் காலால் தட்டித்தான் மண்ணைக் கீழே தள்ள வேண்டியிருந்தது. பத்து மணிக்கு உள்ளங்கையில் கொப்புளம் கட்டியது. பதினோரு மணிக்கு உடைந்தது. துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள்.

மூன்றாவது போர்ஷன் கிளியம்மாள் குடத்தோடு குழியைத் தாண்டினாள். "இன்னா ருக்கு, பொதையல் எடுக்கறீங்களா?"

"ஆமாக்கா. கெடச்சா உனக்கும் பங்கு உண்டு."

"எனக்குப் பங்கு வாணாம்டி. அந்த மண்ணை என் வாசல்ல கொட்டாத, போதும்."

பன்னிரண்டு மணிக்கு அக்தர் கடப்பாரையை ஊன்றி நின்றான். அவளுடைய இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்தான். "நீ போய் உக்காரு. நான் பாத்துக்கறேன்."

"மிச்சத்த நீங்க ஒருத்தரே இருட்டறதுக்குள்ள தோண்டிடுவீங்களா?"

அக்தர் சந்தை அளந்து பார்த்தான். "மாட்டேன்."

"அப்போ பேசாம உடைங்க."

பழைய ஒயர் துண்டு துண்டாக வெளியே வந்தது. முதல் ஜாயின்ட்டைப் பால் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். பிரித்தால் உள்ளே தண்ணீர், செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. நாலு மீட்டர் தள்ளி இன்னொரு ஜாயின்ட், இன்னொரு பால் கவர். அப்புறம் ஒன்றில் பனியன் துணி. மொத்தம் ஆறு ஜாயின்ட்.

"நம்ம வூட்டுக்காரர் ஒயர் போடல ருக்கு. மிச்சம் மீதிய கோத்து மால கட்டியிருக்கார்."

ருக்ஸானா சிரிக்கவில்லை. யூனிட்டில் ஷூவின் மேல்தோலில் தையல் நடுவே நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடரக் கூடாது. முழுவதும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைக்க வேண்டும். சூப்பர்வைசர் முடிச்சைக் கண்டால் முகத்தில் எறிவான். இங்கே ஆறு முடிச்சு.

இரண்டு மணிக்கு இரண்டு குழியும் சந்தித்தன. பைப்புக்குள் புது ஒயரை, வெட்டாமல், ஒரே நீளமாக விட்டார்கள். நாலரைக்குத் தயாளன் வந்து இரண்டு முனையிலும் இணைத்துக் கொடுத்தார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆள் கிளியம்மாள். அணையவில்லை. தயாளன் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே போனை எடுத்துக் கேட்டார். "கடல வண்டி போயிட்சும்மா" என்றார்.

மண்ணைத் தள்ளி மூடி, தண்ணீர் ஊற்றி மிதித்து, உடைத்த இடத்தில் அக்தர் சிமென்ட் பூசினான். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லும்போது கேசவன் ஈரப் பூச்சின் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஆறு மணி. ஸலாம் சொன்னாள். பதில் உடனே வந்தது. அதற்குப் பின்னால் அந்த வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட வந்தது. காய்ச்சலில் பிள்ளையின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"விட்ட இடத்துலேர்ந்தே ஓது."

மெஹ்ரீன் ஓதினாள். நீட்ட வேண்டிய இடம் வந்தது. ருக்ஸானா மடியில் வலது கையை வைத்திருந்தாள். கொப்புளத்தால் விரல்கள் முழுவதும் மடங்கவில்லை, பாதி பாதியாக மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. குரல் நிற்கவில்லை. ஐந்து. இடது கட்டைவிரல் மடங்கியது. அதன் பிறகுதான் பிள்ளை அடுத்த எழுத்துக்குப் போனது.

கீழே இரண்டு வரி தள்ளி இன்னொரு ஆறு. அதுவும் ஆறு. அதற்கப்புறம் ஒரு நாலு, அது நாலாகவே வந்தது. நீட்டலெல்லாம் கத்தியால் அளந்து நறுக்கியதுபோல் இருந்தது.

"நிறுத்து மெஹ்ரீன்."

உடனே நின்றது.

"காய்ச்சல்ல ஓதிப் பழகினியா?"

"இல்ல உஸ்தாபி." குரல் பயந்தது. "நாலு நாளா குர்ஆனையே எடுக்கல. நாளைலேர்ந்து பழகறேன். உம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"பழகலையா? அப்போ இந்த மத்த எப்ப சரி பண்ணின?"

"நான் எப்பவும் இப்படித்தானே ஓதறேன்."

ருக்ஸானா தன் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றியது.

"உஸ்தாபி, இன்னைக்கு எத்தன தடவை? இருபதா? நான் நின்னுட்டுதான் இருக்கேன்."

"வேணாம்" என்றாள். "வேணாம்மா. உக்காந்து ஓது."

வகுப்பு முடிந்ததும் நேரே காஜாவிடம் போனாள். காஜா யாரோ வீட்டு டப்பாவைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"காஜா, ஒண்ணு கேக்கறேன். உன் லைன்ல சத்தம் லேட்டாச்சுன்னா, அந்த லேட்ட அது என்ன பண்ணும்?"

"இன்னாக்கா, போலீஸ் மாதிரி கேக்கற?"

"சொல்லு."

"கொஞ்ச நேரம் நிக்கும். அப்பால எல்லாம் ஒட்டுக்கா வந்து சேரும். அத அப்படியே வுட்டா பேச்சு பின்னால பின்னாலயே போயிகினு இருக்கும் இல்ல? அதனால பேசற சாஃப்ட்வேரு ஓட்டிப் புடிக்கும். அங்கங்க கொஞ்சம் கத்திரிச்சு எடுத்துட்டு ஒட்டிடும்."

"எந்த இடத்துல கத்திரிக்கும்?"

"எங்க ஒரே சத்தமா இழுத்துகினு கீதோ அங்க. ஆ...ன்னு ஒருத்தன் இழுக்கறான்னு வையி, அதுல நடுவுல கொஞ்சம் எடுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

ருக்ஸானா சந்து வழியாகத் திரும்பி வந்தாள். சிமென்ட் இன்னும் ஈரமாக இருந்தது. கேசவன் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களின் செருப்புகள் வாசல் நிறையக் கிடந்தன. இத்தனை வாரமும் நாலு எண்ணிக்கை என்று அவள் திருத்தியது, பிள்ளை ஆறு எண்ணி ஓதியதை. சத்தம் அறுபடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அறுபடாமல் வந்தபோதும் அது குறைந்து வந்தது என்று தெரியாது. அவள் காதைச் சந்தேகப்பட்டதே இல்லை. மதரஸாவில் அவள் காதுக்குத்தான் முதல் மதிப்பெண்.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெஹர் பானு வகுப்பு முடிவில் மைக்கில் வந்தாள். சந்தோஷமாக இருந்தாள்.

"உஸ்தாபி, உங்க குரல் எதிர்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. மேல் மாடிக்காரங்களும் கேட்டாங்க. அதவிட இவள மாத்திட்டீங்களே! நாலஞ்சு நாளா ஒரு தப்புகூட சொல்லலையே நீங்க. நீங்க கண்டிச்சதுதான். இருபது தடவை, நின்னுகிட்டு ஓதினது, அதெல்லாம் இல்லன்னா இந்தப் பொண்ணு திருந்தியிருக்குமா? அந்த மூணு பிள்ளைங்களும் நோன்பு முதல் நாள்லேர்ந்து உங்ககிட்டதான். இப்படித்தான் கண்டிப்பா இருக்கற உஸ்தாபி வேணும்னு கேக்கறாங்க."

சொல்ல வேண்டிய வாக்கியம் ருக்ஸானாவிடம் தயாராக இருந்தது. மூன்று நாளாக மெஷினில் குனிந்தபடி அதைத்தான் அடுக்கி வைத்திருந்தாள். பிள்ளை மேல் தப்பில்லை, என் லைன்தான் வெட்டியது, நான்தான் கவனிக்கவில்லை. சொன்னால் மெஹர் பானு என்ன கேட்பாள் என்பதும் தெரியும். அப்போ ரெண்டு மாசமா என்ன கேட்டு என்ன திருத்தினீங்க? மேல் மாடிக்கு அது பத்து நிமிஷத்தில் போகும். ஜொகூர் உஸ்தாபி இருக்கிறாள்.

லைன் தெளிவாக இருந்தது. மெஹர் பானுவுக்குப் பின்னால் மெஹ்ரீன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ருக்ஸானா. "மூணு பேரையும் அனுப்புங்க."

நோன்பு முடிந்து பெருநாள் கழிந்த வாரம் யூனிட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் நாலு பேர், பிறகு கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர். யாரையும் இருபது தடவை ஓதச் சொல்வதில்லை. புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் முதலில் அவளே ஓதி, அந்தப் பக்கம் எத்தனை விரல் மடங்கியது என்று கேட்டு, லைனைத் திருத்திய பிறகுதான் பிள்ளையைத் திருத்துவாள். மெஹ்ரீன் முப்பதாவது பாகத்தை முடித்துவிட்டாள். இன்னமும் சில நாட்களில் தானாக எழுந்து நின்று ஓதுகிறாள். உட்காரச் சொன்னால் உட்காருகிறாள், ஏன் என்று கேட்பதில்லை.

அந்தப் பிள்ளைக்கு ருக்ஸானா ஒரு மன்னிப்பு பாக்கி. அதை மெஹர் பானு கேட்கும்படி சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.